இளையோரின் காத்திருப்பும் நாட்டின் நாளையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை வழிகாட்டு மையம் ஒன்றில் சில ஆண்டுகளாக இளையோருக்கு விண்ணப்பம் நிரப்ப உதவி செய்து வருகிறேன். மேசைக்கு எதிரே வந்து அமரும் இளையோர் கேட்பவை, அவர்களுடன் வரும் பெற்றோர் கேட்பவை, கூட்டங்களில் ஆசிரியர்கள் எழுந்து கேட்பவை ஆகியவற்றுள் மீண்டும் மீண்டும் எதிர்ப்படுபவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். புள்ளிவிவரம் பேச வேண்டிய இடத்தில் அது பேசும். என் சொந்தக் கருத்து வரும் இடத்தில் அது கருத்துதான் என்று சொல்லிவிடுவேன்.

‘இளையோர்’ என்றால் எந்த வயதினர்?

இதற்கு ஒரே விடை கிடையாது. 1985ஆம் ஆண்டைச் சர்வதேச இளைஞர் ஆண்டாக அறிவித்ததையொட்டி, ஐக்கிய நாடுகள் சபை தன் கணக்குகளுக்காக 15 முதல் 24 வயது வரை என்று வகுத்துக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவரங்கள் பெரும்பாலும் 29 வரை எண்ணுகின்றன. 2006இல் ஏற்கப்பட்ட ஆப்பிரிக்க இளைஞர் சாசனமோ 35 வயது வரை நீட்டுகிறது. எழுத்தர் ஒருவர் தம் வசதிக்காகப் போட்ட கோடுகள் இவை என்று நினைத்துக் கடந்துவிடலாம். என் பார்வையில், ஒரு சமூகத்தில் ஒருவர் சொந்தக் காலில் நிற்க எவ்வளவு காலம் பிடிக்கிறதோ அவ்வளவு தூரம் இந்த மேல்வரம்பும் நகர்ந்துகொண்டே போகிறது.

அரசியல் ஆய்வாளர் டயான் சிங்கர்மன், எகிப்திலும் சுற்றியுள்ள நாடுகளிலும் இளையோர் வேலைக்கும் வீட்டுக்கும் திருமணத்துக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதைக் கண்டு, அதை ஒரு தனி வாழ்க்கைப் பருவமாகவே கருதிப் பெயரிட்டார். தமிழில் அதைக் காத்திருப்புப் பருவம் என்று சொல்லலாம். குழந்தைப் பருவம் முடிந்துவிட்டது, ஆனால் பெரியவராக யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. இந்த இடைவெளியைத்தான் கீழே உள்ள பெரும்பாலான கேள்விகள் ஏதோ ஒரு பக்கத்திலிருந்து தொடுகின்றன.

வேலை கிடைத்துவிட்டால் மற்றவை தாமாகச் சரியாகிவிடாதா?

ஒருமுறை இளம்பெண் ஒருவர் எளிமையான படிவம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தார். பெயர், பிறந்த நாள், முகவரி எல்லாம் வேகமாக எழுதியாயிற்று. ‘தொழில்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. மாணவி என்று எழுத முடியாது, படிப்பு முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. இல்லத்தரசி என்று எழுத அவர் விரும்பவில்லை, ஆனால் நோயுற்ற பாட்டியைக் கவனித்துக்கொள்வதும் சமையலும் அவருடைய பொறுப்புகள்தாம். வேலையில்லாதவர் என்று எழுதக் கூச்சம். கடைசியில் ஒரு சிறு கோடு இழுத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனார். அந்தக் கோடுதான் இந்தக் கேள்விக்கு விடை என்று எனக்கு அப்போது தோன்றியது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கணக்குப்படி, 2023இல் உலகெங்கும் 15 முதல் 24 வயதுள்ளோரிடையே வேலையின்மை வீதம் 13%. அதாவது சுமார் 6.49 கோடிப் பேர். பதினைந்து ஆண்டுகளில் இதுவே மிகக் குறைவு என்பதால் நல்ல செய்தி என்று கொள்ளத் தோன்றும். ஆனால் வேலையின்மைக் கணக்கில், வேலை தேடிக்கொண்டிருப்பவர் மட்டுமே சேர்வார். தேடிக் களைத்து நிறுத்தியவரும், வீட்டுப் பொறுப்பால் தேடவே முடியாதவரும் அதில் வரமாட்டார்கள். அதனால் அதே அமைப்பு, வேலையிலோ கல்வியிலோ பயிற்சியிலோ இல்லாதவர்களைத் தனியாகவும் எண்ணுகிறது. அந்தக் கணக்கில் 2023இல் இருந்தவர்கள் 20.4%, ஐவரில் ஒருவர். அவர்களுள் மூவரில் இருவர் பெண்கள். படிவத்தில் கோடு இழுத்தவர் இந்த இரண்டாவது கணக்கில்தான் இருக்கிறார், முதல் கணக்கில் இல்லை.

வேலை கிடைத்த பிறகும் காத்திருப்பு முடிந்துவிடுவதில்லை. மூன்று மாத ஒப்பந்தம், பிறகு ஒரு மாத இடைவெளி, மீண்டும் மூன்று மாத ஒப்பந்தம் என்று வேலை பார்ப்பவருக்கு வீட்டுக் கடன் கொடுக்க வங்கி தயங்கும், வாடகைக்கு விடுபவரும் தயங்குவார். 2023ஆம் ஆண்டின் ஐரோப்பியப் புள்ளிவிவரப்படி, பெற்றோர் வீட்டை விட்டுத் தனியே குடியேறும் சராசரி வயது பின்லாந்தில் சுமார் 21, குரோவேசியாவில் ஏறத்தாழ 32. இரண்டும் ஒரே ஒன்றியத்தின் நாடுகள். இந்தப் பத்தாண்டு வேறுபாட்டில் பண்பாட்டுக்கும் பங்கு உண்டு என்பதை மறுக்கவில்லை. சேர்ந்து வாழ்வதை விரும்பித் தேர்ந்தெடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் விரும்பித் தங்குவதும் வேறு வழியின்றித் தங்குவதும் ஒன்றல்ல.

படித்தவருக்கே வேலை இல்லை என்றால் படிப்பினால் என்ன பயன்?

கோபத்தில் கேட்கப்படும் கேள்வி இது, ஆனாலும் நியாயமானது. சீனாவில் 2023 ஜூன் மாதம் நகர்ப்புறங்களில் 16 முதல் 24 வயதினரின் வேலையின்மை 21.3% ஆக உயர்ந்தது. பட்டம் பெற்று வெளிவருவோர் எண்ணிக்கை என்றுமில்லாத அளவை எட்டியிருந்த ஆண்டு அது. ஆகஸ்டு மாதத்தில் அரசு அந்தப் புள்ளிவிவரத்தை வெளியிடுவதையே நிறுத்தி வைத்து, 2024 ஜனவரியில் மாணவர்களைக் கழித்துவிட்டுப் புதிய முறையில் மீண்டும் வெளியிடத் தொடங்கியது. அதற்கும் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, ஓயாத போட்டியிலிருந்து விலகிக்கொள்வதைக் குறிக்கும் ‘மல்லாந்து படுத்துவிடுதல்’ என்ற பொருளுள்ள சொல் அந்நாட்டு இளையோரிடையே பரவியிருந்தது.

இதிலிருந்து படிப்பு வீண் என்ற முடிவுக்குப் போக முடியாது. பெரும்பாலான நாடுகளில், வாழ்நாள் முழுவதையும் கணக்கிட்டால், கூடுதலாகப் படித்தவரே கூடுதலாகச் சம்பாதிக்கிறார். சிக்கல் படிப்புக்கும் முதல் வேலைக்கும் நடுவே உள்ள ஆற்றில் பாலம் இல்லாததுதான். ‘புதியவர்கள் விண்ணப்பிக்கலாம்’ என்று தொடங்கும் விளம்பரம் நான்காவது வரியில் ‘இரண்டு ஆண்டு அனுபவம் தேவை’ என்று முடிவதை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். அனுபவம் எங்கிருந்து வரும்? வேலையிலிருந்து. வேலை எப்படிக் கிடைக்கும்? அனுபவத்தால். இந்தச் சுழலுக்குள் இளையோரைத் தள்ளிவிட்டு, அவர்களுக்குத் திறன் போதவில்லை என்று முதலாளிகள் குறைபட்டுக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பாலம் கட்டிய நாடுகளும் உண்டு. ஜெர்மனியின் இரட்டைப் பயிற்சி முறையில், இளையவர் ஒருவர் நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளியிலும் மீதி நாள்களில் பணியிடத்திலும் இரண்டு முதல் மூன்றரை ஆண்டுகள் கற்கிறார்; அந்தக் காலம் முழுவதும் அவருக்கு ஊதியம் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட தொழில்கள் முந்நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. பயிற்சி முடியும்போது கையில் சான்றிதழோடு அனுபவமும் இருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற குறை அங்கே குறைவு. ஆனால் அந்த முறையையும் அப்படியே போற்ற முடியாது: ஜெர்மனியின் பல மாநிலங்களில் குழந்தைகளைப் பத்து வயதிலேயே வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்துவிடுகிறார்கள். ஒருவர் பட்டறைக்குப் போவாரா பல்கலைக்கழகத்துக்குப் போவாரா என்பது பெற்றோரின் கல்வியையும் வருமானத்தையும் பொறுத்து அமைந்துவிடுவதாக அந்நாட்டினரே நெடுங்காலமாக விமர்சித்து வருகிறார்கள். தொழிற்பழகுநர் பயிற்சியைக் கொண்டுவர விரும்பும் நாடு, அது ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட பின்வாசலாக மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சில ஆண்டுகள் தாமதமானால் அப்படி என்ன குடிமுழுகிவிடும்?

சில மாதங்கள் என்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆண்டுகள் என்றால் வடு தங்கிவிடுகிறது. பொருளாதார மந்தத்தின்போது பட்டம் பெற்ற கனடிய மாணவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்றில், நல்ல காலத்தில் பட்டம் பெற்றவர்களைவிட அவர்கள் தொடக்கத்தில் ஏறத்தாழ 9% குறைவாகச் சம்பாதித்ததும், அந்த இழப்பு முழுமையாக மறையப் பத்து ஆண்டுகள் வரை பிடித்ததும் தெரியவந்தது. அவர்கள் செய்த ஒரே பிழை, தவறான ஆண்டில் பிறந்தது.

ஜப்பானில் நடந்தது இன்னும் கடுமையானது. அங்கே நிறுவனங்கள் கல்லூரி முடிக்கும் மாணவர்களை ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, நெடுங்காலம் வைத்துக்கொள்வது வழக்கம். 1990களின் தொடக்கத்தில் பொருளாதாரம் சரிந்தபோது அந்தக் கதவு மூடிக்கொண்டது. 2000களின் நடுப்பகுதி வரை பட்டம் பெற்றவர்களை ‘வேலைவாய்ப்பின் பனியுகத் தலைமுறை’ என்று அழைக்கிறார்கள். கதவு மீண்டும் திறந்தபோது நிறுவனங்கள் அந்த ஆண்டின் புதிய பட்டதாரிகளையே எடுத்துக்கொண்டன. வெளியே நின்றிருந்தவர்கள் வெளியேயே நின்றார்கள். ஜப்பானிய அமைச்சரவை அலுவலகம் 2023இல் வெளியிட்ட ஆய்வு, 15 முதல் 64 வயதுக்குள் சுமார் 14.6 லட்சம் பேர் சமூகத்திலிருந்து ஒதுங்கி வீட்டுக்குள்ளேயே வாழ்வதாக மதிப்பிட்டது. எல்லோரும் வேலையின்மையால் ஒதுங்கியவர்கள் அல்லர். பள்ளியில் பட்ட துன்பம், நோய், கொரோனாக் காலம் எனக் காரணங்கள் பல. ஆனாலும் ‘எண்பது-ஐம்பது சிக்கல்’ என்று அங்கே புழங்கும் தொடரைக் கேட்கும்போது மனம் கனக்கிறது. எண்பது வயதுப் பெற்றோர் தம் ஓய்வூதியத்தில் ஐம்பது வயதுப் பிள்ளைக்குச் சோறிடும் நிலையைக் குறிக்கும் தொடர் அது. முப்பது ஆண்டுகளுக்கு முன் இளையோர் சிக்கல் என்று தள்ளிப்போட்டது, இன்று முதியோர் சிக்கலாகத் திரும்பி வந்திருக்கிறது.

இளையோர் மிகுந்த நாடு தானாக முன்னேறிவிடும் என்கிறார்களே?

‘தானாக’ என்ற சொல்லில்தான் பிழை. ஒரு நாட்டு மக்களை வயது வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவருக்கு நைஜரில் சுமார் 15 வயது, ஜப்பானில் சுமார் 49. நடுவில் நிற்பவர் இளையவராக இருப்பதாலேயே நாடு வளமாகிவிடும் என்றால் நைஜர்தான் முன்னணியில் இருக்க வேண்டும்.

பிறப்பு வீதம் குறையத் தொடங்கியபின், உழைக்கும் வயதினர் மிகுந்தும் அவர்களைச் சார்ந்திருக்கும் குழந்தைகளும் முதியோரும் குறைந்தும் இருக்கும் இடைக்காலம் ஒன்று வரும். இதைத்தான் மக்கள்தொகை ஈவு என்கிறார்கள். கிழக்காசிய நாடுகள் 1965க்கும் 1990க்கும் இடையில் கண்ட வளர்ச்சியில் மூன்றில் ஒரு பங்கு வரை இந்த வயதமைப்பு மாற்றத்தால் விளைந்திருக்கலாம் என்று பொருளியலாளர்கள் டேவிட் புளூமும் ஜெஃப்ரி வில்லியம்சனும் 1998இல் மதிப்பிட்டார்கள். அந்த நாடுகள் கைகட்டி அமர்ந்திருக்கவில்லை. அதற்கு முன்பே தொடக்கக் கல்வியிலும் பொதுச் சுகாதாரத்திலும் முதலிட்டு, வந்த இளையோருக்குத் தொழிற்சாலைகளைத் தயாராக வைத்திருந்தன. ஈவு என்பது விதைத்தவருக்குக் கிடைக்கும் விளைச்சல். விதைக்காதவருக்கு அதே கூட்டம் சுமையாகத்தான் தெரியும்.

அந்த வாய்ப்புக்கு முடிவு நாளும் உண்டு. 1960இல் ஒரு பெண்ணுக்கு ஆறு குழந்தைகள் என்றிருந்த தென் கொரியாவில் 2023இல் கருவள வீதம் 0.72. உலகிலேயே மிகக் குறைந்த அளவுகளில் ஒன்று. வேலை, வீடு, பிள்ளைகளின் கல்விச் செலவு ஆகியவற்றை எண்ணி அந்நாட்டு இளையோர் திருமணத்தையே கைவிடுகிறார்கள் என்பது அங்கே அன்றாடப் பேச்சு. நாடு அவர்களைக் காக்க வைத்தது. இப்போது அடுத்த தலைமுறைக்காக நாடு காத்திருக்கிறது.

இன்றைய இளையோர் மனத்தளவில் மென்மையானவர்களா? எங்கள் காலத்தில் இவ்வளவு மன அழுத்தம் இல்லையே?

இருந்தது; அதற்குப் பெயர் இல்லாமல் இருந்தது. 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதேனும் ஒரு மனநலச் சிக்கலோடு வாழ்வதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. 15 முதல் 29 வயதுக்குட்பட்டோரின் உயிரிழப்புக் காரணங்களில் தற்கொலை மூன்றாவது இடத்தில் உள்ளது என்பது அதே நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கணக்கு. மென்மை என்ற சொல்லால் விளக்கிவிட முடியாத எண்கள் இவை.

பெற்றோருக்கு ஒன்று மட்டும் சொல்வேன். காத்திருப்புப் பருவத்தில் இருப்பவரை வேலையின்மையைவிட அதிகமாக வதைப்பது, தினமும் அது பற்றி விளக்கம் கொடுக்க வேண்டியிருப்பது. விருந்தினர் வந்ததும் அறைக்குள் போய்விடும் பிள்ளையை மரியாதை தெரியாதவர் என்று கடிந்துகொள்ளுமுன், ‘இப்போது என்ன செய்கிறாய்?’ என்ற கேள்வியை அந்த மாதத்தில் அவர் எத்தனை பேரிடம் எதிர்கொண்டார் என்று எண்ணிப் பாருங்கள். தூக்கம், பசி, நண்பர்கள் மூன்றும் ஒரே நேரத்தில் குறைந்தால், அறிவுரையை நிறுத்திவிட்டு மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ அழைத்துச் செல்லுங்கள். சாக வேண்டும் என்ற பேச்சு விளையாட்டாக வந்தாலும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நேரடியாகக் கேளுங்கள், உடனே உதவி தேடுங்கள். அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை.

எல்லாவற்றுக்கும் கைபேசிதானே காரணம்?

ஓரளவுக்கு. ஆஸ்திரேலியா 2024இல் சட்டம் இயற்றி, 16 வயது நிரம்பாதவர்கள் முக்கியச் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்துக்கொள்வதை 2025 டிசம்பர் 10 முதல் தடை செய்தது. தண்டனை பிள்ளைகளுக்கோ பெற்றோருக்கோ இல்லை, நிறுவனங்களுக்கு. அந்த அணுகுமுறை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சமூக ஊடகம் மனநலத்தை எவ்வளவு கெடுக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. பத்தொன்பது வயதில் வேலையும் இல்லை, விளையாட இடமும் இல்லை, பேச ஆளும் இல்லை என்றிருப்பவரின் கையிலிருந்து கைபேசியைப் பிடுங்கிவிட்டால் அவரிடம் மிச்சமிருப்பது என்ன என்ற கேள்விக்கு முதலில் விடை வேண்டும்.

மது, போதைப் பழக்கத்திலிருந்து இளையோரைக் காக்க முடியுமா? அறிவுரை எடுபடுவதில்லையே?

அறிவுரை எடுபடாது என்பது ஐஸ்லாந்துக்கு 1990களிலேயே தெரிந்துவிட்டது. 1998இல் அங்கே 15, 16 வயதினரில் 42% பேர் முந்தைய ஒரு மாதத்துக்குள் குடித்துப் போதையில் இருந்ததாகச் சொன்னார்கள். 2016இல் அது 5% ஆகக் குறைந்தது. பயமுறுத்தும் படங்களைக் காட்டி இதைச் சாதிக்கவில்லை. பள்ளி முடிந்தபின் பிள்ளைகளுக்குப் போக்கிடம் இல்லை என்பதைக் கண்டுகொண்டு, விளையாட்டு, இசை, நடனம் ஆகியவற்றுக்கான கட்டணத்தை உள்ளாட்சிகள் ஏற்றன. இரவில் பிள்ளைகள் வெளியே சுற்றும் நேரத்துக்கு வரம்பு வைத்தார்கள். பெற்றோர் குழுவாக இரவில் தெருக்களில் நடந்து பார்த்தார்கள். ஆண்டுதோறும் பள்ளி மாணவர்களிடம் ஆய்வு நடத்தி, அதன் முடிவைச் சில மாதங்களிலேயே அந்தந்தப் பள்ளிக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். நாலு லட்சம் பேர்கூட இல்லாத சிறிய நாடு என்பதால் எளிது என்று சிலர் சொல்வார்கள். சிறியதாக இருந்த காலத்திலும் அந்த 42% அங்கேதான் இருந்தது.

ஏன் அடிக்கடி இளையோர் தெருவில் இறங்குகிறார்கள்? பொறுமை குறைந்துவிட்டதா?

துனிசியாவின் சிதி பூசித் என்ற ஊரில் தள்ளுவண்டியில் பழம் விற்றுவந்த 26 வயது முகமது புவாசிசி, அதிகாரிகள் தம் பொருள்களைப் பறித்து அவமதித்ததைத் தாங்காமல் 2010 டிசம்பர் 17 அன்று தம்மீதே தீ வைத்துக்கொண்டார். நான்கு வாரங்களுக்குள், 2011 ஜனவரி 14 அன்று, 23 ஆண்டுகள் ஆண்ட அதிபர் பென் அலி நாட்டைவிட்டு ஓடினார். வேலை கிடைக்காத பட்டதாரி என்று புவாசிசியைப் பற்றி உலகெங்கும் எழுதினார்கள். உண்மையில் அவர் பள்ளிப் படிப்பைக்கூட முடித்தவரல்லர். குடும்பத்தைக் காக்கச் சிறுவயதிலேயே உழைக்கத் தொடங்கியவர். அந்தப் பிழை தற்செயலானதல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. படித்தவனின் ஏமாற்றம் மட்டுமே கலகமாகும் என்று எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் நம்ப விரும்புகிறோம்.

வங்கதேசத்தில் 2024 ஜூலையில் மாணவர்கள் எழுந்தது அரசுப் பணி ஒதுக்கீட்டை எதிர்த்து. விடுதலைப் போர் வீரர்களின் வழித்தோன்றல்களுக்கு 30% இடம் என்ற ஏற்பாடு மீண்டும் உயிர்பெற்றதுதான் பொறி. ஜூலை 21 அன்று உச்ச நீதிமன்றம் மொத்த ஒதுக்கீட்டை 7% ஆகக் குறைத்தபோதும் தீ அணையவில்லை, ஏனெனில் அதற்குள் துப்பாக்கிச் சூட்டில் பலர் இறந்திருந்தார்கள். ஆகஸ்டு 5 அன்று பிரதமர் ஷேக் ஹசீனா நாட்டைவிட்டு வெளியேறினார். அந்த வாரங்களில் 1,400 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்பது ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகத்தின் மதிப்பீடு. நேபாளத்தில் 2025 செப்டம்பரில் சமூக ஊடகத் தடை பொறியாக அமைந்தது. முதல் நாளிலேயே 19 பேர் உயிரிழக்க, மறுநாள் பிரதமர் கே.பி. சர்மா ஒலி பதவி விலகினார்.

மூன்று நாடுகளிலும் பொறி வேறு, விறகு ஒன்று. கதவு தமக்கு மூடியிருக்கிறது, வேண்டியவர்களுக்குத் திறந்திருக்கிறது என்ற உணர்வுதான் அந்த விறகு. எல்லோருக்கும் சேர்ந்து வரும் பஞ்சத்தை இளையோர் பொறுத்துக்கொள்வார்கள். வரிசையில் பின்னால் வந்தவர் சிபாரிசுடன் உள்ளே போவதைப் பொறுக்கமாட்டார்கள். ஆகவே பொறுமை குறைந்துவிட்டதா என்று கேட்பதைவிட, வரிசை நேர்மையாக நகர்கிறதா என்று பார்ப்பது நல்லது.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. ஆட்சியை வீழ்த்துவது சில வாரங்களில் முடிந்துவிடுகிறது, அதன்பின் நல்லாட்சி அமைப்பது அப்படி முடிவதில்லை. துனிசியாவில் 2021இல் அதிபர் நாடாளுமன்றத்தை முடக்கினார்; புரட்சியின் பலன்களில் பெரும்பகுதி கரைந்துபோனது.

‘இளைஞர்களே நாளைய தலைவர்கள்’ என்பது நம்பிக்கை தரும் வாசகம்தானே?

மேடைக்கு ஏற்ற வாசகம். அதிலுள்ள ‘நாளைய’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இன்று இல்லை, பிறகு வாருங்கள் என்று பணிவாகச் சொல்லும் சொல் அது. உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் 30 வயதுக்குக் கீழே உள்ளவர்கள். நாடாளுமன்றங்களுக்கிடையேயான ஒன்றியத்தின் கணக்கில், உலகெங்கும் உள்ள நாடாளுமன்ற உறுப்பினர்களில் அந்த வயதினர் 3% கூட இல்லை. பல நாடுகளில் 18 வயதில் வாக்களிக்கலாம், ஆனால் போட்டியிட 25 வயதாக வேண்டும். முடிவெடுப்பவரைத் தேர்ந்தெடுக்கும் அறிவு வந்துவிட்டது, முடிவெடுக்கும் அறிவுக்கு இன்னும் ஏழாண்டு என்பது விசித்திரமான கணக்கு. ஆஸ்திரியா 2007இல் தேசியத் தேர்தல்களுக்கான வாக்களிக்கும் வயதை 16 ஆகக் குறைத்தது. வாக்குகளின் தரம் கெட்டுவிடும் என்று அஞ்சியவர்களின் அச்சம், அங்கே பின்னர் நடந்த ஆய்வுகளில் மெய்ப்படவில்லை.

வெளிநாடு போய்விடும் இளையோர் நாட்டைக் கைவிடுகிறார்களா?

இல்லை. காத்திருப்பைக் குறைத்துக்கொள்ளப் போகிறார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தில் பல நாடுகளின் அந்நியச் செலாவணிக் கணக்கே நிற்கிறது. போவதற்குமுன் முகவரின் பதிவையும் வேலை ஒப்பந்தத்தையும் சரிபார்க்க வேண்டும் என்பது மட்டும் என் வேண்டுகோள். கணினி வேலை என்று அழைத்துப்போய் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்து வைக்கும் கும்பல்கள் தென்கிழக்காசியாவில் பல நாட்டு இளையோரைச் சிக்க வைத்திருக்கின்றன.

அரசுகளால் உண்மையில் ஏதாவது செய்ய முடியுமா? நம்பிக்கைக்கு இடம் இருக்கிறதா?

இருக்கிறது. ஸ்பெயினிலும் கிரீஸிலும் உழைக்க முன்வந்த இளையோரில் பாதிக்கு மேற்பட்டோர் வேலையில்லாமல் இருந்த 2013இல், ஐரோப்பிய ஒன்றியம் ஒரு வாக்குறுதி அளித்தது: 25 வயதுக்குக் குறைந்த ஒருவர் படிப்பை முடித்தாலோ வேலையை இழந்தாலோ, நான்கு மாதங்களுக்குள் வேலையோ கல்வியோ பயிற்சியோ ஒன்று அவருக்கு முன்வைக்கப்படும். 2020இல் அந்த வயதை 30 வரை உயர்த்தினார்கள். எல்லா நாடுகளும் அதைச் சரிவர நிறைவேற்றவில்லை. முன்வைக்கப்பட்ட வேலைகளில் பல தரமற்றவை என்ற குறையும் உண்டு. ஆனாலும் காத்திருப்புக்கு ‘நான்கு மாதம்’ என்று ஓர் எல்லையை எழுத்தில் வைத்தது எனக்குப் பெரிய செயலாகத் தெரிகிறது. எல்லை இருந்தால்தான் அது மீறப்பட்டதென்று கேட்க முடியும்.

தொலைதூர நாளைக்கும் சிலர் சட்டம் எழுதியிருக்கிறார்கள். வேல்ஸ் 2015இல், பொது அமைப்புகள் இன்றெடுக்கும் முடிவு இனிப் பிறக்கப்போகிறவர்களை எப்படிப் பாதிக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும் எனச் சட்டமியற்றி, அதைக் கண்காணிக்க ஆணையர் ஒருவரையும் அமர்த்தியது. ஜெர்மனியில் இளையோர் சிலர் தொடுத்த வழக்கில், அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் 2021இல் பருவநிலைச் சட்டத்தின் ஒரு பகுதியை ஏற்க மறுத்தது. 2030க்குப் பிறகு கார்பன் வெளியீட்டைக் குறைக்கும் சுமைகளை வரையறுக்காமல் விட்டது, இன்றைய இளையோரின் வருங்காலச் சுதந்திரத்தைப் பறிப்பதாகும் என்பது தீர்ப்பின் சாரம். அரசு சட்டத்தைத் திருத்தி, கார்பன் சமநிலைக்கான, அதாவது வெளியிடும் அளவும் உறிஞ்சப்படும் அளவும் ஈடாவதற்கான, ஆண்டை 2050இலிருந்து 2045க்கு முன்னே கொண்டுவந்தது. வழக்குப் போட்டவர்களுள் சிலர் இருபதைத் தாண்டாதவர்கள்.

வீட்டில் இப்படிக் காத்திருக்கும் ஒருவருக்கு நாங்கள் என்ன செய்யலாம்?

அவருடைய நாளுக்கு ஒரு கட்டமைப்பு வேண்டும். தேடல் இரண்டு மணி நேரம் என்றால் அதன்பின் தேடலைப் பற்றிய பேச்சும் வேண்டாம். ஊதியம் சிறிதென்றாலும் வெளியே போய்ச் செய்யும் வேலை, வீட்டிலிருந்து அனுப்பும் நூறு விண்ணப்பங்களைவிட உதவும், ஏனெனில் அடுத்த வாய்ப்புகள் பெரும்பாலும் தெரிந்தவர் மூலமே வருகின்றன. பயோடேட்டாவில், பணம் வாங்காமல் செய்த உழைப்பையும் எழுதச் சொல்லுங்கள்.

படிவத்தில் கோடு இழுத்துவிட்டுப் போன அந்தப் பெண் அடுத்த வாரம் மீண்டும் வந்திருந்தார். இரண்டு ஆண்டுகள் பாட்டியின் மருந்து அட்டவணையையும் ரத்தச் சர்க்கரை அளவையும் ஒரு நோட்டில் நாள் தவறாமல் குறித்து வந்திருந்தார். அதை எடுத்து வரச் சொல்லியிருந்தேன். முதியோர் பராமரிப்புப் பயிற்சிக்கான விண்ணப்பத்தில் ‘முன் அனுபவம்’ என்ற கட்டம் சிறியதாக இருந்தது. அதில் இடம் போதாமல் தாளின் பின்பக்கத்தைத் திருப்பி எழுதிக்கொண்டிருந்தார்.